படத்தில் விழாத புத்தகக்காரர்

மதுரைப் புதுமண்டபத்தின் மிகப் பழைய ஒளிப்படங்களில் சில 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டவை. எடுத்தவர் மதராஸ் காலாட்படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப். அவற்றில் ஒன்று பக்கத் தாழ்வாரத்தை மேற்கிலிருந்து பார்க்கிறது. தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய் இருட்டில் மறைகின்றன. தூணின் அடியில் விழும் வெயில், யாளியின் பல், மேற்கூரையின் கல் வரிசை எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. ஆள் நடமாட்டம் மட்டும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த மதுரைக்காரர்கள் யாரும் அந்த மண்டபத்தை அப்படிப் பார்த்ததில்லை. தையல் மெஷின்களின் சத்தம், பித்தளைப் பாத்திரம், வளையல், குங்குமம், பொம்மை, சாமிக்குச் சாத்தும் துணி, இவற்றுக்கு நடுவே தூணுக்குத் தூண் சாய்ந்து நின்ற புத்தகக் கடைகள் என்றுதான் நமக்கு அது பழக்கம். ஜூன் பிறந்தால் பாதி விலைப் பாடப்புத்தகத்துக்காகத் திருநகரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்த பெற்றோர் பலர். பஞ்சாங்கம், ஜோசியம், கோலப் புத்தகம், சமையல், நாடகப் பாட்டு, பெரிய எழுத்துக் கதைகள், திருவிளையாடல் என ஒரு நகரம் வாசித்ததெல்லாம் அங்கே அடுக்கிக் கிடந்தது.

இவ்வளவு பழைய வணிகம், இவ்வளவு பேர் வந்துபோன இடம், உலகம் முழுவதிலிருந்தும் கேமராக்கள் வந்து குவிந்த மீனாட்சியம்மன் கோயிலுக்கு நேர் எதிரே. ஆனாலும் தொடக்ககால ஒளிப்படங்களில் மதுரையின் புத்தகக்காரர் எளிதில் தட்டுப்படுவதில்லை. இது தற்செயலாக நேர்ந்ததென்று நான் கருதவில்லை. அன்றைய கேமராவின் இயல்பும், படம் எடுக்கச் சொன்னவர்களின் நோக்கமும், புத்தக வணிகம் தமிழ்ச் சமூகத்தில் இருந்த விதமும் சேர்ந்து அவரைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தின. அவரைப் பார்க்க வேண்டுமென்றால் நாம் வேறொரு வகைச் சான்றைத் தேடிப்போக வேண்டும்.

முதலில் டிரைப். 1822இல் பிறந்தவர், 1855இல் பர்மாவுக்குச் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்துப் பெயர்பெற்றார். பிறகு மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1857 டிசம்பரில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று போனது அந்தப் பயணம். மாட்டு வண்டிகளில் கேமராக்கள், ரசாயனங்கள், காகிதக் கட்டுகள். சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் ஒளிப்படம் கற்ற ஐயாசாமி என்ற தமிழர் அவருக்கு உதவியாளராக இருந்தார். தமிழ்நாட்டு ஒளிப்பட வரலாற்றில் இன்னும் பேசப்பட வேண்டிய பெயர் அது.

டிரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அக்காலத்தில் புதிதாக வந்திருந்த கொலோடியன் கண்ணாடித் தகடு இன்னும் விரைவாகப் படம் பிடிக்கும். ஆனால் பூசிய ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மதுரை வெயிலில் அது பெரும்பாடு. மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், படமெடுத்துச் சாவகாசமாகக் கழுவலாம். அதற்குக் கொடுத்த விலை நேரம். நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மண்டபத்தின் உள்ளே என்றால் இன்னும் அதிகம். அவ்வளவு நேரத்தில் குறுக்கே நடந்துபோனவர் காகிதத்தில் பதிவதே இல்லை. கை நீட்டிப் பேரம் பேசுபவர் புகைபோல ஒரு கறையாக மிஞ்சலாம். ஒளிப்படக்காரருக்கு அந்தக் கறை ஒரு குறை. ஆகவே படமெடுக்கும்முன் ஆட்களை விலக்கிவிடுவது நல்லது. வெறுமையாக வந்த வானத்தில் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டிச் சேர்த்தவர் டிரைப். இல்லாத மேகத்தைச் சேர்க்கும் பொறுமை அவருக்கு இருந்தது. மண்டபத்து மனிதர்களைச் சேர்ப்பது அவருடைய வேலைக்குள் வரவில்லை.

அவருக்கு அரசு இட்ட பணியும் அப்படிப்பட்டதுதான். சிதைந்து மறைவதற்குள் தொல்பொருள்களையும் கட்டடங்களையும் சிற்பங்களையும் பதிவுசெய்ய வேண்டும். மதுரையில் எடுத்த படங்கள் நான்கு பகுதிகளாக 1858இல் வெளிவந்தன. கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், வைகை, யானைமலை எல்லாம் அவற்றில் உண்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வில்லியம் டிரேசி படங்கள் சிலவற்றுக்கு விளக்கக் குறிப்பு எழுதினார். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போன டிரைப் விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். தமிழ் எழுத்தின்மேல் அவருக்கும் அரசுக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. கல்லில் வெட்டிய எழுத்தாக அது இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதே ஆண்டில் காகிதத்தில் அச்சாகி விற்றுக்கொண்டிருந்த எழுத்து தொல்பொருள் ஆகவில்லை.

1859இல் மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், அரசு ஒளிப்படக்காரர் என்பதே ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்தத் திட்டத்தை நிறுத்தினார். ஆனால் டிரைப் வகுத்த பார்வை நிற்கவில்லை. 1867-68இல் எட்மண்ட் டேவிட் லயன் வந்து மீண்டும் மதுரையைப் படமெடுத்தார். அவருடைய படங்களுக்கான குறிப்பு நூலைப் பதிப்பித்தவர் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன். பெர்குசனுக்குப் புதுமண்டபம் என்பது ஏறத்தாழ 330 அடி நீளமும் 105 அடி அகலமும் கொண்ட கட்டட மாதிரி. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது, 124 தூண்கள், நடுவில் வசந்த மண்டபம், தூண்களில் நாயக்க மன்னர்களின் உருவங்கள். இவ்வளவும் உண்மை, இவ்வளவும் தேவை. இவற்றை வைத்து மட்டும் எழுதப்பட்ட வரலாற்றில் அங்கே என்ன விற்றது என்ற கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று.

ஆட்களைப் படமெடுக்கவே வந்த கேமராக்களும் இருந்தன. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற ஆங்கில ஆட்சியின் பெருந்தொகுப்பு சாதி, இனம், தொழில் என்று வகைப்படுத்தி மனிதர்களை நிறுத்திவைத்துப் படம் பிடித்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி வெளியிட்டார். அதிலும் படங்கள் உண்டு. குயவர் சக்கரத்தோடும் நெசவாளர் தறியோடும் நிற்கும் வகைப் படங்கள் இந்த மரபில் வந்தவை. அதற்கும் முன்பே திருச்சி, தஞ்சை ஓவியர்கள் மைக்காத் தகட்டிலும் காகிதத்திலும் தொழில்வாரியாக ஆணும் பெண்ணுமாக எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள்.

இந்த வரிசையில் புத்தகக்காரர் ஏன் நிற்கவில்லை? என் கருத்தில் இதுதான் முதன்மையான காரணம்: புத்தகம் விற்பது எந்தச் சாதிக்கும் குலத்தொழிலாக இருக்கவில்லை. மதுரைப் புதுமண்டபத்தில் இ. ராம. குருசாமிக் கோனார் புத்தகம் பதிப்பித்து விற்றார். சென்னையில் இரத்தின நாயகர் குடும்பம். திருவல்லிக்கேணியில் இஸ்லாமியத் தமிழ் நூல்களுக்குப் பேர்போன ஷாஹுல் ஹமீதியா. கோனார், நாயகர், முதலியார், செட்டியார், பிள்ளை, ராவுத்தர் என எல்லாப் பின்னொட்டுகளும் பழைய தமிழ் அட்டைகளில் உண்டு. அச்சு என்ற புதிய தொழில் பல சாதியாரை ஒரே வணிகத்துக்குள் இழுத்துப் போட்டது. சாதியைத் தொழிலாகவும் தொழிலைச் சாதியாகவும் பார்த்த மானிடவியல் கேமராவுக்கு அவரை எந்தப் பக்கத்தில் ஒட்டுவதென்று தெரியவில்லை. மதுரையின் கீழைப் பகுதியில் இன்னும் எழுத்தாணிக்காரத் தெரு இருக்கிறது. எழுத்தாணி செய்தவருக்கு ஒரு தெரு கிடைத்தது. அச்சுப் புத்தகம் விற்றவருக்குக் கிடைத்தது தூணும் தூணும் நடுவே உள்ள இடைவெளி.

ஒளிப்படத்தில் இல்லாதவர் எழுத்தில் இருக்கிறார். கல்கத்தாவைப் பற்றி 1859இல் ஜேம்ஸ் லாங் பாதிரியார் எழுதிய அறிக்கையில், தலையில் கோபுரம்போல் புத்தகம் அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் விற்பனையாளர்கள் வருகிறார்கள். தமிழில் 1865இல் ஜான் மர்டாக் அச்சான நூல்களுக்கு வகைப்பட்ட அட்டவணை ஒன்றைத் தொகுத்தார். 1867இன் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் வந்தபின் அச்சான ஒவ்வொரு புத்தகத்தையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மாகாண அரசு காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட்ட பட்டியலில் நூலின் பெயர், ஆசிரியர், அச்சிட்ட ஊர், பக்கம், பிரதிகளின் எண்ணிக்கை, விலை எல்லாம் இடம்பெற்றன. அரசின் நோக்கம் கண்காணிப்பு. அதன் பயனாகக் காலணாப் புத்தகம்கூட லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகம் வரை போய்ச் சேர்ந்தது. ஒளிப்படத் திட்டத்தை ஆடம்பரம் என்று கைவிட்ட அதே மாகாணம், பத்தாண்டுக்குள் சந்தைப் புத்தகத்தின் விலையை வரிவிடாமல் எழுதிவைக்கத் தொடங்கியது.

ஆனாலும் மதுரைப் புத்தக வணிகத்தை உயிரோடு காட்டுபவை அட்டைகள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வந்த மலிவுப் பதிப்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய நிற அட்டை. மேலே தலைப்பு, பிறகு இயற்றியவர் பெயர், பிறகு யாருடைய வேண்டுகோளின்படி, எந்த அச்சகத்தில், எந்தத் தமிழ் வருடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்ற விவரம். கடையின் விலாசமாக மதுரைப் புதுமண்டபம். குருசாமிக் கோனாரின் ஸ்ரீராமச்சந்திர விலாசம் அச்சகப் பதிப்புகளில் அச்சகமும் கடையும் ஒருவர் கையில் இருந்ததையே அட்டை சொல்லிவிடுகிறது. பதிப்பாளர், அச்சிடுபவர், விற்பவர் என்று இன்று மூன்றாகப் பிரிந்து கிடப்பது அன்று ஒரே ஆளின் ஒரு நாள் பொழுது.

பின்னட்டை இன்னும் பேசும். அங்கே கடையில் கிடைக்கும் மற்றப் புத்தகங்களின் பட்டியல் விலையோடு இருக்கும். அணாக் கணக்கில் எழுதிய அந்த வரிசையை மேலிருந்து கீழாக வாசித்தால் அந்தக் கடையின் அலமாரியை வாசிப்பதாக ஆகிறது. எது முதலில் வருகிறது, எது அதிக விலை, எந்தத் தலைப்பு அடுத்த ஆண்டுப் பட்டியலில் காணாமல் போகிறது என்று ஒப்பிட்டால் விற்பனையின் ஏற்ற இறக்கம் பிடிபடும். வெளியூர்க்காரர்களுக்கு வி.பி.யில், அதாவது புத்தகத்தைப் பெறும்போது தபால்காரரிடம் பணம் கட்டும் விதத்தில், அனுப்பும் முறை, தபால் செலவு யாருடையது என்பதும் பட்டியலின் கீழே இருக்கும். 1877இல் இந்தியத் தபால் துறை வி.பி. முறையைக் கொண்டுவந்தது, அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் மதுரைக்கு ரயில் வந்திருந்தது. இவை இரண்டும் சேர்ந்து, கோயிலுக்கு வரும் கூட்டத்தை மட்டும் நம்பியிருந்த ஒரு மண்டபக் கடையைச் சிவகங்கைக்கும் கொழும்புக்கும் புத்தகம் அனுப்பக்கூடிய நிறுவனமாக்கின. தன் கையொப்பமோ முத்திரையோ இல்லாத பிரதி திருட்டுப் பதிப்பு என்ற எச்சரிக்கையைச் சில அட்டைகளில் பார்க்கும்போது, நல்ல விற்பனையுள்ள புத்தகத்தை அடுத்த தூண்காரர் அச்சிட்டு விற்றுவிடுவாரோ என்ற பதற்றம் நமக்கும் தெரிகிறது.

என்ன விற்றது என்பதில் மதுரைக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. திருவிளையாடல் மதுரையின் சொந்தப் புராணம். அல்லி அரசாணி மாலையின் நாயகி மதுரையின் அரசி. சித்திரை மாதம் அழகர் வைகையில் இறங்கும்போது பாடும் வர்ணிப்புகள் சிறு புத்தகங்களாக அச்சாகித் திருவிழாக் கூட்டத்தில் விற்றன. தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றிச் செய்த ஆய்வில் இந்த வர்ணிப்பு மரபைக் கோயில் வரலாற்றின் சான்றாகவே எடுத்துக்கொண்டார். தமிழ் ஆய்வுலகம் மலிவுப் பதிப்புக்குச் செய்த நியாயங்களில் அது ஒன்று. ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் வெளியிட்ட ‘முச்சந்தி இலக்கியம்’ குஜிலிப் புத்தகங்கள் எனப்பட்ட மலிவுப் பாட்டுப் புத்தகங்களின் உலகத்தைத் திறந்து காட்டியது. கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, வெள்ளச் சிந்து, புதிய சட்டம் பற்றிய கும்மி என்று நடப்புச் செய்தியே பாட்டானது. அதை விற்பவர் சந்தையிலும் ரயில் நிலைய வாசலிலும் நின்று பாடுவார். கூட்டம் சேர்ந்ததும் பாதியில் நிறுத்திப் புத்தகத்தை நீட்டுவார்.

1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை மதுரையில் நிறுவினார். ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டுச் சங்க நூல்களைப் பதிப்பிக்கும் பெரும்பணி ஒருபுறம் நடக்க, நடந்துபோகும் தூரத்தில் இந்தத் தூணோரக் கடைகள் வேறொரு தமிழை விற்றுக்கொண்டிருந்தன. சங்கத்தைச் சார்ந்த புலவர்களின் ஒளிப்படங்கள் நமக்குக் கிடைக்கின்றன: தலைப்பாகை, அங்கவஸ்திரம், நாற்காலி, மேசை, மேசைமேல் புத்தகம். புத்தகங்களை மூட்டை பிரித்து விற்றவரின் படம் நம்மிடம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். திருநகரிலிருந்து பெரியார் நிலையம் போகும் பஸ் திருப்பரங்குன்றத்தைக் கடந்ததும் பசுமலை வரும். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் 1840களில் தன் குருமடத்தைப் பசுமலைக்கு மாற்றியது. பின்னாளில் அங்கே லெனாக்ஸ் அச்சகம் இயங்கியது. மிஷனிடம் அச்சகமும் இருந்தது, கேமராவும் இருந்தது, ஊர் ஊராகப் புத்தகம் சுமந்து விற்ற ஊழியர்களும் இருந்தார்கள். உலகெங்கும் மிஷன் ஆவணத் தொகுப்புகளில் இந்தப் புத்தக ஊழியரின் படம் ஒரு தனி வகையாகவே உண்டு: மரத்தடி, தோளில் பை, கையில் திறந்த புத்தகம், சுற்றிலும் கேட்பவர்கள். தென்னிந்தியாவில் புத்தகம் விற்பவர் தன் தொழிலோடு கேமராவின் முன் நின்ற அரிய தருணம் இது.

அது நிறுத்திவைத்து எடுத்த படம் என்பதை மறக்கக் கூடாது. பாஸ்டனில் நன்கொடை தருபவர்களுக்குக் காட்ட எடுத்தது; ஆகவே காசு கைமாறும் கணம் அதில் வராது, கேட்பவர்கள் பக்தியோடு கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் மிஷன் ஊழியரின் பையை மதிப்பாகப் பார்க்க ஒரு நிறுவனம் இருந்ததால்தான் அந்தப் பை படத்தில் வந்தது. அதே திருமங்கலம் சாலையில் அதே திருவிழாக் கூட்டத்துக்கு அல்லி கதையைத் தூக்கிக்கொண்டு நடந்தவருக்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. அவருடைய புத்தகத்தைக் கேவலம் என்று இரு தரப்பும் நினைத்தன: மிஷன் அதை மூடநம்பிக்கை என்றது, பண்டிதர்கள் பிழை மலிந்த பதிப்பு என்றார்கள். யாருக்கு மதிப்பிருந்ததோ அவர்தான் படமானார்.

ஜெலட்டின் உலர் தகடுகள் 1880களில் கடைச்சரக்காக வந்தபிறகு நொடிக்குக் குறைந்த நேரத்தில் தெருவைப் பிடிக்க முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படத் தபால் அட்டை மோகம் வந்தது. மவுண்ட் ரோட்டு ஹிக்கின்பாதம்ஸ், 1844இல் தொடங்கிய அந்தப் புத்தக நிறுவனமே, தென்னிந்தியக் காட்சிகளை அட்டைகளாக அச்சிட்டு விற்றது. ஒரு புத்தகக்கடை தெருக்களைப் படமாக்கி விற்ற அந்தக் காலத்திலும் மதுரை அட்டைகளில் திரும்பத் திரும்ப வந்தவை கோபுரமும் பொற்றாமரைக் குளமும் மகாலும் தெப்பக்குளமும்தான். வாங்குபவர் தாய்நாட்டுக்கு எழுதும் வெள்ளைக்காரர். அவர் கேட்டது அதுதான். புதுமண்டபத்தின் உட்புற இருட்டும் ஒரு தடையாக நின்றது. வெளியே வெயிலில் கடை போட்ட காய்கறிக்காரிக்கும் பூக்காரிக்கும் கிடைத்த ஒளி தூண்களுக்கு உள்ளே இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. ஒளிப்படத்தின் முன்னோடியான டால்பட் 1840களில் தன் நூல் அலமாரியைப் படமெடுக்க நினைத்தபோது, வீட்டுக்குள் ஒளி போதாமல் புத்தகங்களை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்து அடுக்கியே எடுத்தார் என்பார்கள் ஆய்வாளர்கள். அவருக்கு முற்றம் இருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பாரிஸ் உதவும். 1890களின் இறுதியிலிருந்து யூஜீன் அட்ஜே தன் பெரிய மரக் கேமராவோடு விடியற்காலையில் புறப்பட்டுத் தெருத் தொழில்களையும் கடை முகப்புகளையும் படமெடுத்தார். 1910-11இல் செவ்ர் தெருவில் அவர் எடுத்த பத்திரிகைக் கடைப் படத்தில் இதழ்கள் கொடிபோலத் தொங்குகின்றன, தலைப்புகளைக்கூடப் படிக்கலாம். அட்ஜே வாழ்ந்தது ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் படம் விற்று. நகரத்தின் சாதாரணக் கடையின் படத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பாதுகாக்கும் நூலகம் பாரிஸில் இருந்தது. மதுரையில் இல்லாதது ஒளிப்படக்காரரின் திறமை அல்ல, அப்படி வாங்கும் ஒரு கை.

மதுரையில் ஒளிப்படக்காரர்களுக்குப் படி அளந்தது ஸ்டூடியோ. திருமணம், வளைகாப்பு, பள்ளிக் குழுப்படம், இறந்தவருக்கு ஒரு படம். தமிழ்நாட்டு ஸ்டூடியோ ஒளிப்படங்களைத் தேடித் தொகுத்த புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பணி இந்த உலகத்தை ஓரளவு காப்பாற்றித் தந்திருக்கிறது. அந்தப் படங்களில் புத்தகம் அடிக்கடி வருகிறது. சிறு மேசையின்மேல் பூச்சாடிக்குப் பக்கத்தில், பள்ளிப் பையனின் கையில், புதுப் பெண்ணின் மடியில். படித்தவர் என்று சொல்வதற்கான அடையாளம் அது. ஸ்டூடியோவின் சொந்தப் புத்தகமாக இருந்திருக்கும், வருபவர் எல்லாருடைய கையிலும் மாறி மாறிப் போயிருக்கும். ஒரு கடையிலிருந்து அது வாங்கப்பட்டிருக்க வேண்டும். புத்தகக்காரரும் ஸ்டூடியோவுக்குப் போனார்தான். சட்டையும் அங்கவஸ்திரமும் அணிந்து, கடையை விட்டுவிட்டு, திரைச்சீலை முன் குடும்பத் தலைவராக உட்கார்ந்தார். அந்தப் படம்தான் அவர் காலமானபின் கல்லாப் பெட்டிக்கு மேலே மாலையோடு தொங்கியது.

உலகப் புகழ்பெற்ற தெரு ஒளிப்படம் மதுரைக்கு வந்தது 1950இல், ஆன்றி கார்த்தியே-பிரெசோனோடு. வண்டிச் சக்கரத்தருகே எலும்பும் தோலுமான குழந்தையோடு ஒரு தாய்: அவர் மதுரையில் எடுத்த அந்தப் படம் பசியின் ஆவணமாக உலகைச் சுற்றியது. அது அவசியமான படம். கையடக்க லைக்கா கேமராவுக்கு அப்போது மண்டபத்தின் இருட்டும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. தொழில்நுட்பத் தடை நீங்கிய பின்பும் புத்தகக் கடை படமாகாமல் போனதற்கு, அதைப் பார்க்கத்தக்க ஒன்றாக நாமே நினைக்காததுதான் காரணம். கோயிலைப் பற்றிய காபி டேபிள் புத்தகங்கள் எத்தனையோ வந்தன. அவற்றில் புதுமண்டபத்துக் கடைகள் சிற்பத்தை மறைக்கும் ஆக்கிரமிப்பாகவே குறிப்பிடப்பட்டன.

சிற்பத்தைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பிடித்த தீ கல்லையே பிளந்தது. கூரை இடிந்து விழுந்தது. அதன்பிறகு கோயில் சார்ந்த மண்டபங்களில் கடைகள் தொடர முடியாது என்ற நிலை உருவானது. புதுமண்டபத்துக் கடைகள் அருகில் புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. தூண்கள் மறுபடியும் வெறுமையாயின. டிரைப் எடுத்த படத்துக்கு இன்றைய மண்டபம் மிகவும் நெருங்கி வந்துவிட்டது. வருங்காலத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், இடைப்பட்ட காலமெல்லாம் மண்டபம் இப்படியேதான் இருந்தது என்று நினைத்துக்கொள்ளக்கூடும். இதைத் தடுப்பதற்கு இப்போது செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

அட்டைகளைத் திரட்டுவது முதல் வேலை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேகரிப்பு, 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக வடிவெடுத்தது. விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்தவர் அவர். நூல்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ், நாடக விளம்பரம் என்று பிறர் வீசி எறிந்ததையும் சேர்த்தார். மதுரைப் புதுமண்டபம் என்ற விலாசம் தாங்கிய பதிப்புகளை அங்கும் லண்டனிலும் மதுரைத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் தேடி எடுத்து, பின்னட்டைப் பட்டியல்களைக் காலவரிசையில் அடுக்கினால், எந்தக் கேமராவும் தராத ஒரு காட்சி கிடைக்கும். எந்த ஆண்டில் எந்தப் பதிப்பாளர் அங்கே இருந்தார், யார் யாருடைய சரக்கை விற்றார், கடை யார் கைக்கு மாறியது என்பதுவரை அதில் தெரியும்.

அடுத்தது வீட்டு ஆல்பங்கள். கடைக்காரர்களின் குடும்பங்களில் பல மாசி வீதிகளை விட்டுத் திருநகர், எஸ்.எஸ். காலனி, விளாச்சேரிப் பக்கம் குடிபோய்விட்டன. கல்லாவுக்கு மேலே தொங்கிய படங்கள் கடை மாறியபோது அந்த வீடுகளுக்குத்தான் போயிருக்கும். ஆயுத பூஜையன்று கடைக்குப் பொட்டு வைத்து எடுத்த படம், புதுக்கணக்கு போட்ட நாளில் எடுத்தது, பிளாஷ் கேமரா வாங்கிய மருமகன் 1970களில் விளையாட்டாக எடுத்தது: இவை யாரும் ஆவணம் என்று நினைக்காதவை. அப்பாவின் முகத்துக்காக வைத்திருக்கும் அந்தப் படங்களில் அவருடைய தோளுக்குப் பின்னால் புத்தக முதுகுகள் தெரியும். பெரிதாக்கினால் தலைப்பும் விலையும் வாசிக்கலாம். அசலைக் குடும்பத்திடமே விட்டுவிட்டு, படத்தை ஸ்கேன் செய்து, எந்தத் தூணோரம், எந்த ஆண்டு, பக்கத்துக் கடை யாருடையது என்று நினைவிருக்கிறவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். கடையில் சிறுவயதிலிருந்து வேலை பார்த்தவர்களுக்கு முதலாளியின் பிள்ளைகளைவிட இது நன்றாகத் தெரியும். அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும்.

கோயில் நிர்வாகமும் தொல்லியல் துறையும் புதுமண்டபத்தைச் சீரமைத்து மக்கள் பார்வைக்குத் திறக்கும்போது அங்கே விளக்கப் பலகைகள் வைப்பார்கள். நாயக்கர் சிற்பங்களைப் பற்றிய பலகை நிச்சயம் இருக்கும். 1858ஆம் ஆண்டுப் படமும் இடம்பெறலாம். அதற்குப் பக்கத்தில் குருசாமிக் கோனார் பதிப்பு ஒன்றின் முன்னட்டையையும் பின்னட்டையையும் பெரிதாக அச்சிட்டு, அந்த விலாசம் எந்தத் தூண்களுக்கு நடுவே இருந்தது என்று தரையில் அடையாளமிட வேண்டும்.